நன்றிக் கடிதம் வேண்டாம் என்ற மருத்துவமனை

நேர்முகம் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்; அதற்கு நன்றி எழுதுவதுதான் இரண்டு நாள் வேலை. லண்டனில் மருத்துவம் படித்து, இங்கே நிபுணர் பயிற்சிக்கு இரண்டு தடவை இடம் கிடைக்காமல், அமெரிக்க மருத்துவமனைகளுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். எனக்கு அது கடைசி முயற்சி. ஐந்து இடங்களில் இருந்து அழைப்பு வந்தது. நேர்முகம் எல்லாம் கிழக்கு லண்டன் இல்ஃபோர்டில் எங்கள் வீட்டு மடிக்கணினியில்தான். பேசச் சொன்னால் குரல் உள்ளே போய்விடும் எனக்குக் கடிதமாவது கைகொடுக்கும் என்று நம்பினேன்.

நாய்

நேர்முகத்தில் பேசிய ஏதாவது ஒன்றைக் கடிதத்தில் குறிப்பிட வேண்டும் என்பார்கள். அதனால் ஒவ்வொரு டாக்டரின் பெயருக்கு நேரேயும் ஒரு சொல் எழுதிவைத்தேன். ஒருவருக்கு மீன்பிடி, அடுத்தவருக்கு நாய்.

அவசரத்தில் ஒரு வரி தள்ளிப் பார்த்துவிட்டேன். மீன்பிடிக்காரருக்கு, "உங்கள் நாயைப் பற்றிப் பேசியதை மறக்க மாட்டேன்" என்று போய்விட்டது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பதில் வந்தது:

"என்னிடம் நாய் இல்லை. உங்கள் கடிதத்தை மனைவியிடம் காட்டினேன். இப்போது இருக்கிறது."

வாசலில் நின்றபடி

இன்னொரு டாக்டர் என் நன்றிக்கு நன்றி எழுதினார். பேசாமல் இருந்தால் மரியாதையில்லை என்று நான் அதற்கும் நன்றி சொன்னேன். அவரும் நல்ல வளர்ப்பு, விடவில்லை. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் "போட்டு வாறம்" என்று விடைபெற்று எழும்பிய பிறகு வாசலில் நின்று அரை மணி நேரம் கதைப்பார்களே, அந்த மாதிரிப் போனது. எட்டாவது கடிதத்தில் அவர் எழுதினார்:

"எனக்கு இன்று அறுவைச் சிகிச்சை இருக்கிறது. தயவுசெய்து இதற்குப் பதில் போடாதீர்கள்."

தேத்தண்ணி

நான் மிகவும் ஆசைப்பட்ட மருத்துவமனை, அழைப்பிலேயே தெளிவாக எழுதியிருந்தது: நன்றிக் கடிதம் அனுப்ப வேண்டாம். எனக்கு நிம்மதி. அம்மாவுக்கு இல்லை.

"தேத்தண்ணி வேண்டாம் எண்டு சொல்லுறவைக்கு நாங்கள் ஊத்திக் குடுக்காமல் விடுறனாங்களோ?"

"அவை அமெரிக்கர், அம்மா. வேண்டாமெண்டால் வேண்டாம்தான்."

"எந்த ஊர் ஆக்களும் முதல்ல வேண்டாமெண்டுதான் சொல்லுவினம். நீ எழுது பிள்ளை."

மூன்று நாள் தாக்குப்பிடித்தேன். பிறகு, 'கடிதம் வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னதற்கு நன்றி' என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன். சோபாவில் இருந்து அப்பா கேட்டார்:

"நானும் சுகம் விசாரிச்சதாப் போட்டனியோ?"

முடிவு

பதிலே வரவில்லை. போச்சு என்றுதான் இருந்தேன். ஆனால் முடிவு வந்த அன்று பார்த்தால், எனக்கு அங்கேதான் இடம்! பத்திரங்கள் பற்றிப் பேச அந்த மருத்துவமனையின் அலுவலகப் பெண் அழைத்தபோது, மெதுவாக அந்தக் கடிதம் பற்றிக் கேட்டேன். அவர் சிரித்தார். சொன்னதைக் கேட்காமல் எழுதுகிறவர்களை டாக்டர்கள் தரவரிசைப் பட்டியலில் கீழே தள்ளிவிடுவார்களாம். அதனால் அவர்கள் கண்ணில் படுமுன் தானே அழித்துவிட்டாராம்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா அசையவில்லை.

"பாத்தியே, எவ்வளவு நல்ல பிள்ளை. அவவுக்கு ஒரு நன்றி எழுதிவிடு."

அத்தனை கடிதம் எழுதிய என் கை அல்ல, ஒன்றை அழித்த கைதான் எனக்கு வேலை வாங்கித் தந்தது என்று தெரிந்தும், எழுத உட்கார்ந்தேன்.