லாரியோடு போன கடிதங்கள்

எங்கள் வீட்டுக்குத் தபால் வந்தால் அது லாரிக்குத்தான். எஃப்.சி., இன்சூரன்ஸ், எங்கோ வடக்கே போட்ட அபராதம். சங்ககிரியில் லாரிக்காரர் வீடுகளில் வழக்கம் இது: அரசாங்க முத்திரை இருந்தால் உறையைப் பிரிக்கக் கூடாது, வண்டி வந்ததும் கேபினில் இருக்கும் பேப்பர் பெட்டியில் போட்டுவிட வேண்டும். அந்த வேலை என்னுடையது. பொறுப்பாகச் செய்கிறேன் என்ற நினைப்பு வேறு எனக்கு.

என் கணவரின் அண்ணன் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆண்கள் இருவரும் வாரக்கணக்கில் வண்டியில். வீட்டில் நாங்கள் இரண்டே பேர், ஒரே சோற்றுச் சட்டி. மருத்துவ முகாமில் இருவரும் பெயர் கொடுத்திருந்தோம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குத் தேதி போட்டுக் கடிதம் வரும் என்றார்கள்.

"ரெண்டு பேரும் சேந்தே போலாம் சாமி. வரும்போது பஸ் ஸ்டாண்டுல பரோட்டா" என்றார் அக்கா.

கடிதம் வரவில்லை. போய்க் கேட்கலாமா என்று அவர்தான் கேட்டார். "கூப்புடாம போய் நிக்கறதுக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்கக்கா" என்றேன் நான். வெட்கம், வேறென்ன.

மறு வருடம் அக்காவுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. முன்னாலேயே பார்த்திருந்தால் குணப்படுத்தியிருக்கலாம் என்றார் டாக்டர். அந்த மாதம்தான் என் கணவர் லாரியின் பேப்பர் பெட்டியை ஒழித்துச் சுத்தம் செய்தார். அக்கா பெயருக்கு இரண்டு, என் பெயருக்கு இரண்டு கடிதங்கள், அரசாங்க முத்திரையோடு, பிரிக்காமலே.

நான் அழுதேன். அக்கா கட்டிலில் படுத்தபடி ஒன்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் பாக்காத ஊரெல்லாம் இது பாத்துட்டு வந்துருக்குது" என்று சிரித்தார். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவே இல்லை, பாவி மகள்.

அவர் போய் ஆறு மாதம். சாமி என்று கூப்பிட வீட்டில் ஆளில்லை. அந்தக் குரலுக்கு ஏங்கிக் கிடக்கிறேன்.

போன வாரம் மறுபடி இரண்டு கடிதங்கள் வந்தன, எனக்கொன்று, அக்காவுக்கொன்று. வாசலிலேயே பிரித்தேன். இரண்டையும் எடுத்துக்கொண்டு போனேன். எனக்குப் பரிசோதனை முடிந்ததும் நர்ஸ் அடுத்த கடிதத்தைப் பார்த்து, "இவங்க வரலையா?" என்றார்.

"இல்லீங்க."

"ஏன், லெட்டர் போச்சே?"

"வந்துச்சுங்க. நாந்தான் பிரிக்கலைங்க" என்றேன்.