மருந்து அடித்திருக்கிறது

எங்கள் ஊரில் அறுப்பு முடிந்த கழனி யாருக்கும் தனிச் சொந்தம் இல்லை. நெல் போய்விட்டால், அடுத்த உழவு வரைக்கும் அதன் தாளிலும் வரப்பிலும் யார் மாடு வேண்டுமானாலும் வாய் வைக்கலாம். யார் ஏற்படுத்திய வழக்கமோ தெரியாது, உத்திரமேரூரைச் சுற்றிப் பல ஊர்களில் உண்டு. கழனி இல்லாதவர்கள் மாடு வளர்ப்பதே இந்த ஒரு வழக்கத்தை நம்பித்தான். அதனால் ‘என் கழனியில் மேய்க்காதே’ என்று நேராகச் சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வராது. சொன்னால் ஊரே காறித் துப்பும். அதை வைத்து எங்களை நல்லவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். நாங்கள் வேறு மாதிரி சொல்வோம். “மருந்து அடிச்சிக்கீது” என்போம்.

பூச்சி மருந்து பட்ட புல்லைத் தின்றால் மாடு பிழைக்காது என்று எல்லோருக்கும் தெரியும். கேட்டவர்கள் மாட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போவார்கள். மருந்து நிஜமாகவே அடித்தோமா என்று யாரும் புல்லை நக்கிப் பார்க்கப் போவதில்லை. நம் மரியாதையும் கெடாது, புல்லும் மிஞ்சும். இந்த ஊருக்கு நான் மருமகளாக வந்த முதல் வருஷமே இந்தப் பொய்யைக் கற்றுக்கொண்டேன். கோலம் போடக் கற்றுக்கொள்ளத்தான் நாளானது.

நான் பிறந்தது செய்யாற்றுக்கு அந்தப் பக்கம், மழையை நம்பிச் சோளமும் வேர்க்கடலையும் போடுகிற மேட்டு நிலம். இங்கே ஏரிப் பாசனம், நெல்லைத் தவிர வேறு எதையும் பயிர் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வீட்டுக்காரருக்கு ஒரகடம் பக்கம் கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஒன்றரைக் காணி நிலமும் ஒரு கலப்பின மாடும் என் பொறுப்பு. எனக்கு வாய் நீளம் என்று சொல்வார்கள். உண்மைதான்.

அந்த வருஷம் நவரைப் பட்டத்துக்கு நாற்று விடும்போதே ஏரியில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. மாசி முடிவதற்குள் அது மதகுக்குக் கீழே இறங்கிவிட்டது. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் போர் மோட்டாரைப் போட்டால் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும், அப்புறம் காற்றைக் கக்கும். பூத்த நாட்களில் அடித்த வெயிலில் கதிர் பாதி பதராகிவிட்டது. அறுப்பு மிஷின் கழனியில் இறங்கியபோது உள்ளே விழுந்த நெல்லைவிட வெளியே பறந்த புழுதிதான் அதிகம். மிஷின் ஓட்ட வந்தவன் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, நெல் அறுக்கிறோமா புழுதி அறுக்கிறோமா என்று கேட்டான். எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது.

மற்ற வருஷங்களில் அறுத்த கையோடு வாத்துக்காரர்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். அந்த வருஷம் ஒரு வாத்தும் வரவில்லை. வாத்துக்கும் நாலு விரற்கடைத் தண்ணீர் வேண்டுமே. தெருவில் போன மாடுகளின் விலா எலும்பை நின்ற இடத்திலிருந்தே எண்ணலாம். ஏரிக்குள் இறங்கி, வெடித்த மண்ணில் கோரைக் கிழங்கைக் கிளறிக்கொண்டு நின்றன. பொட்டலில் நின்ற ஆடுகள் ஒன்றின் நிழலில் இன்னொன்று தலையை விட்டுக்கொண்டிருந்தன.

வைக்கோலுக்கு அந்த வருஷம் வந்த மவுசு நெல்லுக்கு வரவில்லை. டிராக்டர் வைத்து உருட்டிக் கட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நானும் என் மாட்டுக்குக் கொஞ்சம் நிறுத்திக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துவிட்டேன். முன்பெல்லாம் கையால் அறுக்க வந்தவர்கள் போகும்போது ஆளுக்கு ஒரு கட்டு வைக்கோல் தலையில் தூக்கிக்கொண்டு போவார்களாம். மிஷினுக்கு வீட்டில் மாடு கிடையாது. அந்தக் கட்டும் அதோடு நின்றுவிட்டது.

காலனியில் ஒருத்தி இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். எங்கள் கழனியில் நடவுக்கும் களைக்கும் அவள்தான் ஆள் சேர்த்துக்கொண்டு வருவாள். புருஷன் செத்த பிறகு ஒரு மாடு வாங்கியிருந்தாள், கறுப்பு உடம்பில் வெள்ளைத் திட்டுகள். அப்போது அது ஒரு கிடேரிக் கன்றைப் போட்டு ஒன்றரை மாதம். நடவு இல்லாத நாளில் அந்த மாட்டின் பால்தான் அவள் வீட்டு அடுப்பை எரித்தது. அந்த வருஷமோ நடவே பாதிக் கழனியில்தான். மாடு இருந்தால் அவள் ஊரில் இருப்பாள், மாடு போனால் மற்றவர்களைப் போல செங்கல் சூளைக்குப் போக வேண்டியதுதான். அவளே என்னிடம் நடவுக் கழனியில் சொன்னது இது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அறுப்பு முடிந்த மறுநாள் மாட்டை ஓட்டிக்கொண்டு எங்கள் கழனிக்கு வந்தாள். மோட்டார் கொட்டகைப் பக்கத்தில் ஒரு வரப்பு, குழாய் கசிந்து கசிந்து அங்கே மட்டும் புல் பச்சையாக இருந்தது. அதை நான் என் மாட்டுக்கு வைத்திருந்தேன். அவள் மாடு நேராக அதைப் பார்த்துத்தான் வந்தது. நான் வரப்பில் நின்றபடியே மருந்து அடித்திருக்கிறது என்று சொன்னேன். அவள் புல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “சரிக்கா” என்று சொல்லி மாட்டைத் திருப்பிக்கொண்டு போனாள்.

நாலைந்து நாளில் வரப்புப் புல் கட்டையாகிக்கொண்டே வந்தது. ஈரச் சாணி கிடந்தது. உச்சி வெயிலில் நான் கதவைச் சாத்திக்கொண்டு ஃபேனுக்கு அடியில் கிடக்கிற நேரமாகப் பார்த்து மேய்க்கிறாள் என்று தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்வது? போய்ச் சண்டை போட்டால், மருந்து அடித்த புல்லைத் தின்ற மாடு எப்படி உயிரோடு நிற்கிறது என்று ஊர் கேட்கும். அதனால் வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் திருடி, திருடி என்று திட்டினேன். பொய் சொன்னவள் நான், திருட்டுப் பட்டம் அவளுக்கு.

கொட்டகைக்குப் பின்னால் பத்து சென்ட்டில் மாட்டுத் தீவனத்துக்கு என்று சோளம் போட்டிருந்தேன். ஊரில் வேறு யாரும் போடவில்லை, இவள் எதற்கு நெல் விளைகிற மண்ணில் சோளம் போடுகிறாள் என்று சிரித்தார்கள். ஒரு தடவை அறுத்தேன். அதற்குப் பிறகு தண்ணீர் விட முடியாமல் கட்டை எல்லாம் கருகிவிட்டது. சித்திரைக் கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் கால் மணி நேரம் மழை வந்தது. மண் வாசனையை மட்டும் காட்டிவிட்டுப் போன மழை. நாலாம் நாள் சோளக் கட்டையெல்லாம் குருத்து விட்டிருந்தது. பத்தாம் நாள் முழங்கால் உயரம். சுற்றிலும் கருகிக் கிடந்த பூமியில் அது ஒன்றுதான் பச்சை.

அந்தக் குருத்து விஷம். காய்ந்த சோளம் மழை பட்டு விடுகிற இளங்குருத்தை மாடு தின்றால் மூச்சு முட்டி நின்ற இடத்திலேயே விழும். பூ எடுத்த பிறகுதான் மாட்டுக்குப் போட வேண்டும். என் பிறந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும். நெல்லிலேயே பிறந்து வளர்ந்த இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

தெருக்குழாயில் அவளைப் பார்த்தபோது சொன்னேன். “சோளத்துப் பக்கம் மாட்ட உடாத. குருத்து விஷம், செத்துடும்.”

“சரிக்கா” என்றாள். அதே சரிக்கா. உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது.

அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். அந்த இடத்தில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, “அன்னைக்குச் சொன்னது பொய், இது நெசம்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு என் பொய்யை நானே அவள் எதிரில் ஒத்துக்கொள்ள வேண்டும். அதுவும் நடவுக்கு வருகிறவளிடம். எனக்குச் சுர்ரென்று கோபம்தான் வந்தது. நம்பினால் நம்பு, நம்பாவிட்டால் போ என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நாலு வேலிகாத்தான் முள் கிளையை வெட்டிப் போட்டுச் சோளத்தை அடைத்திருக்கலாம், அரை மணி நேர வேலை. வெயில் தாழட்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று இரண்டு நாள் தள்ளிப் போட்டேன்.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் அவள் குரல் கேட்டது. என் பெயரைச் சொல்லவில்லை, யாரையும் கூப்பிடவில்லை, வெறும் குரல். செருப்புப் போட மறந்து ஓடினேன். வரப்பு மண் காலைச் சுட்டது.

மாடு சோளத்துக்குள் பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. வாயில் நுரை, பல்லிடுக்கில் இன்னும் பச்சைக் குருத்து. கழுத்தை நீட்டி நீட்டி மூச்சை இழுத்தது, காற்று உள்ளே போனதாகவே தெரியவில்லை. நாலு காலும் நடக்கிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தன. அவள் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் நுரையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்கத் துடைக்க வந்தது.

நான் போய் நின்று முதலில் சொன்னது, “நான்தான் சொன்னேனே.”

அப்புறம்தான் கால்நடை டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் தூரத்து ஊர் ஒன்றில் ஒரு பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். சோளக் குருத்து என்றதும், தின்று எத்தனை நேரம் ஆயிற்று என்று கேட்டார், அதற்கான ஊசி தன்னிடம் இருக்கிறது, ஆனால் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார். அதுவரைக்கும் வெல்லத் தண்ணீர் விட்டுப் பார்க்கச் சொன்னார். வீட்டுக்கு ஓடிக் கரைத்துக்கொண்டு வந்தேன். ஊற்றியது எல்லாம் வாயின் மறுபக்கம் வழிந்து மண்ணில் போனது. பின்னங்கால் ஒரு தரம் விறைத்தது. மாட்டின் மடியிலிருந்து பால் தானாகக் கசிந்தது. அவ்வளவுதான்.

எனக்குப் பயம். பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. விஷம் என்று சொன்னேனா இல்லையா, குழாயடியில் வைத்துச் சொன்னேனா இல்லையா என்று அவள் தலைமேல் நின்றுகொண்டு திரும்பத் திரும்பக் கேட்டேன். மாட்டைப் பறிகொடுத்தவளிடம் சாட்சி கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மாட்டின் காதில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னாள்.

“சொன்னீங்கக்கா. மருந்து அடிச்சிக்கீதுன்னும் சொன்னீங்க. அந்த வரப்புல பத்து நாளா மேச்சிக்கினு இருந்தேன். ஒண்ணும் ஆவல.”

குரல் உயரவில்லை. அந்த நேரத்திலும் என்னை நீங்க என்றுதான் சொன்னாள்.

அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். எல்லோரும் என் பக்கம்தான். முன்னாடியே சொல்லியும் கேட்காமல் மேய்த்தால் யார் என்ன செய்வது, உன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று என்னைத் தேற்றினார்கள். செத்தது யார் மாடு என்று தெரியாமல் ஒருவர் வந்திருந்தால், என்னுடையது என்றே நினைத்திருப்பார். வரப்பில் மருந்து அடித்தேனா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? அந்த வாரம் அவர்கள் எல்லோரும் அவரவர் வரப்பில் நின்று அதையே சொல்லியிருந்தார்கள். நானும் தேறுதலை வாங்கிக்கொண்டு தலையை ஆட்டினேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

ஏரிக்குள்தான் புதைத்தார்கள். கடப்பாரை இறங்கவில்லை. கடைசியில் ஜேசிபி வந்து தோண்டியது. இரண்டு ஆள் ஆழத்துக்கும் ஈரம் இல்லை, கல் மாதிரி மண்.

சாயங்காலம் என் மாட்டைக் கறந்தேன். காலனியிலிருந்து கன்று கத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கறந்ததில் பாதியைச் சொம்பில் எடுத்துக்கொண்டு போனேன். பன்னிரண்டு வருஷத்தில் அந்தத் தெருவுக்குள் அப்போதுதான் முதல் முறையாகக் கால் வைத்தேன். அவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையில் நுரை காய்ந்து வெள்ளையாக இருந்தது. கன்று வேப்ப மரத்தில் கட்டியிருந்தது.

கன்றுக்குப் பால் என்றேன். அவள் சொம்பை வாங்கிக்கொண்டாள். மறுத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கன்று வாசனை பிடித்துக் கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து அவள் கையை முட்டியது. அதை முழங்கையால் தள்ளி வைத்தாள். சொம்பைச் சாய்த்து உள்ளங்கையில் கொஞ்சம் பால் ஊற்றிக் குடித்தாள். குடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கன்று கத்தியது. நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று புரிவதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குப் பிறகுதான் விரலைப் பாலில் நனைத்துக் கன்றின் வாயில் வைத்தாள்.

தை பிறந்ததும் கன்றை விற்றுவிட்டு அவள் சூளைக்குப் போய்விட்டாள். அதற்கு முன்னால், அந்தக் கன்று வைக்கோல் கடிக்கப் பழகும் வரைக்கும், இரண்டு மாதத்துக்கு மேல், தினமும் சாயங்காலம் நானே சொம்பில் பால் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு நாள்கூட அவள் முதலில் தான் குடித்துப் பார்க்காமல் கன்றுக்கு வைத்ததில்லை.