குகைக்குப் போன செல்வம்

“அண்ணே, அவரு என்கிட்ட பேசுறதே இல்ல. போன்ல இருக்குற பொம்மைங்ககிட்டதான் பேசுறாரு. ‘ரவி, நல்லாத் தூங்குனியாடா? பாஷா, கை எப்படி இருக்கு?’ன்னு கேக்குறாரு. எனக்குப் பயமா இருக்குண்ணே... ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்.”

போன மாதம் அரியலூரிலிருந்து தங்கை தமிழ் போன் செய்தபோது நான் பெரம்பலூரில் உட்கார்ந்து இந்தப் பத்திரிகைப் பக்கத்துக்கு மோர் குடிப்பதன் நன்மைகளை எழுதிக்கொண்டிருந்தேன். (நல்லவேளை, நீங்கள் தப்பித்தீர்கள்.) அப்படியே மூடி வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

‘அவரு’ என்றால் தமிழின் கணவர் இளங்கோ. பெயர்களை மாற்றியிருக்கிறேன், நடந்ததை மாற்றவில்லை. சுண்ணாம்புக்கல் குவாரியில் டிப்பர் ஓட்டியவர். போன வருஷம் லோடோடு சரிவில் இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. வண்டி உருண்டது. உயிர் பிழைத்தார். ஆனால் இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாது. எறும்பு கடித்தாலும் தெரியாது, வெந்நீர் பட்டாலும் தெரியாது.

நான் போனபோது ஜன்னல் ஓரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். கையில் போன்.

“வாங்க மச்சான்.”

அவ்வளவுதான். கண் போனுக்குத் திரும்பிவிட்டது. தமிழ் என்னைப் பார்த்தாள். ‘பாத்தியா?’ என்ற பார்வை.

அறிவுரை சொல்லலாம். சொன்னால் கேட்கிற நிலையிலா இருக்கிறார்? நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “என்ன மாப்ள இது, எனக்கும் கொஞ்சம் காட்டுங்களேன்” என்றேன்.

காட்டினார்.

ஒரு மாயாஜால தேசம். அதில் ஒரு பாழடைந்த கோட்டை. அதற்கு நாம் தலைவர். ஆனால் நாம் வாள் தூக்கிச் சண்டை போடுவதில்லை! ஊர் ஊராக ஆள் சேர்க்க வேண்டும் — வில்லாளி, மந்திரவாதி, வைத்தியர் என்று. அவர்கள்தான் நம் சகாக்கள். பேய்க்காட்டில் மூலிகை பறித்து வா, தானிய வண்டிக்குக் காவல் போ என்று அவர்களை அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். போன காரியம் முடிய நிஜமாகவே மணிக்கணக்கில் ஆகும். அனுப்புவதற்கு முன்னால் ஜெயிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று திரையில் வரும். தோற்றால் காயத்தோடு திரும்புவார்கள். காயம் ஆறுவதற்குள் மறுபடி அனுப்பினால் செத்தும் போகலாம். செத்தால் செத்ததுதான். திரும்ப வர மாட்டார்கள்.

“இது வீரத்தைக் காட்டுற கேம் இல்ல மச்சான். ஆள் பாக்குற கேம்” என்றார் இளங்கோ. “எவனுக்கு என்ன வரும், எவன் களைச்சுப் போயிருக்கான், எவனை எவன்கூட அனுப்புனா ஒத்துப்போகும்... அதத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டாப் போதும்.”

ஒரே மூச்சில் அவர் அவ்வளவு பேசி மாதக்கணக்கில் ஆகிறது என்றாள் தமிழ் பிறகு.

என் போனிலும் அந்த கேமை ஏற்றிக்கொண்டேன். வேறு எப்படி அவரிடம் பேசுவது? என் கோட்டைக்கு வாய்த்த சகாக்கள் என்னைப் போலவே சோம்பேறிகள். ஒரு மந்திரவாதியை முதல் வேலையிலேயே சாகக் கொடுத்தேன். பெரம்பலூரிலிருந்து நான் சந்தேகம் கேட்பேன், அரியலூரிலிருந்து மாப்பிள்ளை பதில் சொல்வார். “அந்தப் பொண்ணைத் தனியா அனுப்பாதீங்க மச்சான், கூட ஒரு வைத்தியரைப் போடுங்க.” எங்கெங்கோ இருந்து அந்த கேமை ஆடுகிற முகம் தெரியாத ஆட்களெல்லாம் அவரிடம் யோசனை கேட்டு எழுதுகிறார்கள். ஆச்சரியமில்லை. குவாரியிலும் அவர் அப்படித்தானாம். யாருக்குக் காய்ச்சல், யார் தூங்காமல் வந்திருக்கிறார் என்று பார்த்து டிரிப்பை மாற்றிவிடுவது இவர்தான். சம்பளம் இல்லாத மேஸ்திரி!

அடுத்த முறை அரியலூர் போனபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். அந்த கேமில் சகாக்களுக்கு நாமே பெயர் வைக்கலாம். இளங்கோவின் வில்லாளி பெயர் ரவி. வைத்தியர் பெயர் ஆரோக்கியம். கோடாரிக்காரர் பாஷா. எல்லாம் அவரோடு டிப்பர் ஓட்டியவர்கள். ஆரம்பத்தில் கூட்டமாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள், பிறகு வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியுமா? ஷிஃப்ட் இருக்கிறது, குடும்பம் இருக்கிறது.

ரவிக்கு ஓய்வு கொடுத்திருந்தார். பாஷாவுக்குப் புதுக் கவசம் வாங்கிக் கொடுத்திருந்தார்.

கடைசியில் ஒருத்தன். பெயர் செல்வம். பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ‘காயம்’ என்றிருந்தது.

நான் முதல் முறை பார்த்தபோதும் அவன் காயத்தில்தான் இருந்தான் என்று ஞாபகம். “என்ன மாப்ள, இவன் எந்திரிக்கவே மாட்டானா?”

“எந்திரிச்சான். திரும்ப அனுப்புனேன்.”

“எங்க?”

“வாய்ப்பு கம்மின்னு எதுல வருதோ, அதுல.”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. தமிழ் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

“அன்னைக்கு அந்த வண்டி அவனுது மச்சான். வயித்துவலின்னு சொல்லிட்டு வூட்டுக்குப் போயிட்டான். சூப்பர்வைசர் என்னைய எடுக்கச் சொன்னாரு. சரிவுல மிதிச்சேன். பெடல் அப்படியே உள்ள போயிருச்சு.” போனைப் பார்த்தபடியே சொன்னார். “அவனுக்குத் தெரியுமா, தெரியாதா? ஒரு வருசமா அதத்தான் கேட்டுக்கிட்டுக் கெடக்கேன். ஒரு நாள்கூட வந்து எட்டிப் பாக்கல அவன்.”

செல்வம் குவாரி வேலையை விட்டுவிட்டார், பாடாலூர் பக்கம் எங்கேயோ ஓட்டலில் இருக்கிறார் என்று தமிழ் வாசலில் வைத்துச் சொன்னாள். எழுதுகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு — யாராவது இரண்டு பேர் பேசாமல் இருந்தால், பேச வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பது. எனக்கு அந்த வியாதி முற்றிய நிலை. திருச்சி போகிற வழியில் பாடாலூரில் இறங்கினேன்.

மூன்றாவது கடையில் ஆள் கிடைத்தார். பரோட்டாவுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், ஆனால் கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. இளங்கோவின் மச்சான் என்றதும் கை நின்றுவிட்டது.

“அண்ணன்... இருக்காருங்களா?”

இருக்கிறார் என்றேன். என்னைக் கடைக்குப் பின்னால் அழைத்துப் போனார். லாரிகளின் இரைச்சலில் அவர் சொன்னது பாதிதான் கேட்டது. கேட்ட பாதியே போதுமாக இருந்தது.

“பிரேக் சரியில்லைன்னு காலையிலயே சூப்பர்வைசர்கிட்ட சொன்னேங்க. ‘இந்த டிரிப்பை முடிச்சுட்டு வா, மத்தியானம் மெக்கானிக் பாப்பாரு’ன்னாரு. எனக்குப் பயம். கொழந்த பொறந்து கொஞ்ச நாள்தான் ஆயிருந்துச்சு. வயித்துவலின்னு சொல்லிட்டு வந்துட்டேன். நான் வந்துட்டா வண்டி நிக்கும்னு நெனச்சேங்க... சத்தியமா. இன்னொருத்தர எடுக்கச் சொல்லுவாருன்னு நெனைக்கல.”

“இளங்கோகிட்ட ஒரு வார்த்தை?”

“வெளிய வரப்ப எதுக்கதான் வந்தாரு. ‘என்னடா, ஒடம்பு சரியில்லையா?’ன்னு கேட்டாரு. ஆமான்னேன்.” மாவு ஒட்டிய கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். “அவ்வளவுதாங்க சொன்னேன்.”

அவரை நான் திட்டவில்லை. நேரில் வந்து இதைச் சொல்லிவிடுங்கள் என்றேன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வருவது என்றார். சொன்னால் உங்களுக்கும் பாரம் குறையும், அவருக்கும் ஒரு முடிவு தெரியும் என்றேன். நன்றாகப் பேசினேன் போலிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார்.

பழமோ பிஸ்கட்டோ வாங்கி வரவில்லை. வெறுங்கையோடு வந்து கட்டிலுக்கு எட்டத்தில் நின்றார். இளங்கோ அவரைப் பார்த்தார். போனைக் கவிழ்த்து வைத்தார்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்ணே.”

“பிரேக் இல்லைன்னு தெரியும்?”

“தெரியும்ணே.”

மற்றதையும் செல்வம் சொன்னார். சூப்பர்வைசர், குழந்தை, பயம், வண்டி நிற்கும் என்று நினைத்தது... சொல்லி முடிந்ததும் இளங்கோ, “சரி, போ” என்றார்.

செல்வம் நகரவில்லை. அழுதார். தமிழ்தான் தண்ணீர் கொடுத்து வாசல் வரை கொண்டு விட்டாள். அவர் முகத்தை மட்டும் அவள் பார்க்கவில்லை. அவளுக்கும் கோபம் இருக்காதா?

நான் ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வாயெடுத்தேன். இளங்கோ முந்திக்கொண்டார்.

“இத்தன நாளும் ஒரு சந்தேகம் இருந்துச்சு மச்சான். ஒருவேள நெசமாவே வயித்துவலியா இருந்திருக்கும்னு. என்னைக்காவது மனசு கொஞ்சம் லேசா இருந்தா அதை நெனச்சுக்குவேன். இப்ப அதுவும் இல்ல.” என்னை நேராகப் பார்த்தார். “எதுக்கு மச்சான் கூட்டிட்டு வந்தீங்க?”



போனை எடுத்தார். செல்வத்தைத் தேர்ந்தெடுத்தார். சிவப்பு எழுத்து அப்படியே இருந்தது. டிராகன் குகை. அதைவிட மோசமான இடம் அந்த தேசத்தில் இல்லை. துணைக்கு யாரையும் சேர்க்கவில்லை. திரையில் எச்சரிக்கை வந்தது: ‘இவர் காயமடைந்திருக்கிறார். இறக்கக்கூடும். அனுப்பலாமா?’

“மாப்ள, வேணாமே” என்றேன். கேமில் வருகிற பொம்மைக்காக!

அனுப்பிவிட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது அந்த எச்சரிக்கைதான் மனசில் ஓடியது. கேமில்கூட, ஆளை அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை நிறுத்திக் கேட்கிறார்கள். குவாரியிலும் அந்த எச்சரிக்கை கேட்கத்தான் செய்தது — செல்வத்தின் வாய் வழியாக, காலையிலேயே. சூப்பர்வைசர் ‘ஆமாம், அனுப்பு’ என்று அழுத்தினார். அவர் பெயரில் இளங்கோவின் கோட்டையில் யாரும் இல்லை. ஏன் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. நமக்கு மேலே இருப்பவனிடம் வராத கோபம், பக்கத்தில் நின்றவனிடம் எவ்வளவு சுலபமாக வந்துவிடுகிறது!

திங்கட்கிழமை தமிழ் போன் செய்தாள். குகைக்குப் போனவன் திரும்பவில்லை. ‘செல்வம் இறந்துவிட்டார்’ என்று வந்ததாம். இளங்கோ அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போனை அணைத்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். சோறு வேண்டாம் என்றாராம். ரவி, பாஷா, யாரையுமே விசாரிக்கவில்லையாம்.

“அண்ணே, முன்னாடி பொம்மைங்ககிட்டயாவது பேசுனாரு” என்றாள்.

புதன்கிழமை இளங்கோவின் முதுகில் வந்த படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்ட ஆஸ்பத்திரி போக வேண்டும். வழக்கமாகத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைக்கிற பக்கத்து வீட்டுக்காரர் ஜெயங்கொண்டத்தில் ஒரு துக்கத்துக்குப் போய்விட்டார். தமிழ் தெருவில் நின்று ஆள் தேடியிருக்கிறாள். அங்கே செல்வம் நின்றிருக்கிறார். எதற்கு வந்தார், எப்போதிலிருந்து நிற்கிறார்... அவள் கேட்கவில்லை. “கொஞ்சம் தூக்கணும்” என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

இளங்கோ அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். செல்வம் குனிந்து, இரண்டு கையையும் கீழே கொடுத்துத் தூக்கியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் இறக்கினார். திரும்பக் கொண்டு வந்து கட்டிலில் படுக்க வைத்தார். போகும்போதும் பேச்சில்லை, வரும்போதும் பேச்சில்லை.

“மன்னிச்சுட்டாராம்மா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

“அதெல்லாம் தெரியலண்ணே. அவன் கழுத்துல கை போட்டுக்கிட்டாரு.”

தூக்கும்போது விழாமல் இருக்கணுமே... வேறு எங்கே போடுவார்?