சுவிட்சை அணைத்த பிறகும் எரிந்த டெஸ்டர்

இன்று குளியலறையில் எக்ஸோஸ்ட் ஃபேன் பூட்ட எலக்ட்ரீஷியன் தம்பி வந்தார். லைட்டின் லைனிலிருந்தே ஃபேனுக்கும் எடுக்கலாம் என்றார்.

நான் லைட் சுவிட்சை அணைத்தேன். அவரோ மெயினையும் நிறுத்தச் சொன்னார். சின்ன வேலையைப் பெரிதாக்கப் பார்க்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

“லைட்தான் நிண்டிட்டுதே, பிறகேன்?” என்றேன்.

அவர் ஏணியில் ஏறி, லைட்டின் மூடியைக் கழற்றி, ஒரு வயருக்கு அருகில் டெஸ்டரைப் பிடித்தார். அது சிவப்பாக எரிந்தது.

“அக்கா, சுவிட்ச் இந்த லைட்டை மட்டும்தான் நிப்பாட்டும். இந்த வயர் அடுத்த அறை லைட்டுக்குப் போகுது. இதில எப்பவும் கரண்ட் இருக்கும்.”

போய் மெயினை நிறுத்தினேன்.

அவர் உள்ளே பார்த்துவிட்டு, “இந்த லைட்டை ஆர் பூட்டினது? வயரைச் சும்மா முறுக்கி டேப் சுத்திக் கிடக்கு” என்றார்.

போன வருடம் நான் வேலைக்குப் போயிருந்தபோது, ‘ஒரு எலக்ட்ரீஷியன்’ வந்து பூட்டியதாக என் கணவர் சொல்லியிருந்தார். பின்னால் நின்ற கணவரைத் திரும்பிப் பார்த்தேன்.

“எல்லாருக்கும் தேத்தண்ணி போடட்டே?” என்று கேட்டபடி குசினிக்குள் போய்விட்டார். கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவர் அப்படிக் கேட்டதே இல்லை.

இப்போது வீட்டில் ஒவ்வொரு லைட்டையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறேன். உங்கள் வீட்டுக்கும் அந்த ‘ஒரு எலக்ட்ரீஷியன்’ வந்திருக்கிறாரா?