மினும் போலாமா?

மினும் என்றால் மலாய் மொழியில் குடிப்பது. நாங்கள் சொல்லும்போது அது ஒரு சந்திப்பு. மீட்டிங் என்றால் ஆபிசில் நாற்காலி நுனியில் உட்கார வேண்டும். மினும் அப்படியில்லை. சாலையோர ஒட்டுக்கடையில் காலை நீட்டிக்கொண்டு, முன்னால் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீயை வைத்துக்கொண்டு, வாய்க்கு வந்ததைப் பேசலாம். அந்த நல்ல சொல்லைக் கெடுத்தவன் நான்.

புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் நான் சூப்பர்வைசர். போர்க்லிஃப்ட் ஓட்டிய அண்ணன் ஒருவர் தினமும் பெம்பானிலிருந்து மோட்டாரில் வருவார். அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று மேலே முடிவு செய்து, கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். ஆபிசில் உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். அங்கே ஏன் என்று கேட்பார், நான் பதில் சொல்ல வேண்டும். எனக்குத் துணிச்சல் இல்லை.

"அண்ணே, வேல முடிஞ்சு மினும் போலாமா?" என்றேன்.

முகம் கழுவி, தலை சீவிக்கொண்டு வந்தார். "ஏழு வருசமா ஒன்னா வேல செய்றோம். இன்னிக்குத்தான் மினும் கூப்பிட்ருக்க, தம்பி." எனக்கும் சேர்த்து ரொட்டி சானாய் சொன்னார். மகளுக்குப் பொலிடெக்னிக்கில் இடம் கிடைத்த கதையைச் சொன்னார். நானும் சிரித்துச் சிரித்துக் கேட்டேன். கிளாஸ் காலியான பிறகுதான் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

இரண்டு முறை படித்தார். ஒன்றும் கேட்கவில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் குரலை உயர்த்த மாட்டார் என்று தெரிந்துதானே அங்கே கூட்டிப் போயிருந்தேன்.

"ரொட்டி ஆறுது, சாப்பிடு லா," என்றார்.

நான் சாப்பிட்டேன். அதோடு விட்டேனா? பிறகு இன்னும் இரண்டு பேருக்கு அதே கடையில் அதே மாதிரி கடிதம் கொடுத்தேன். சுலபமாக இருந்தது.

போன வாரம் பேக்கிங்கில் வேலை செய்யும் ஒருவருக்கு முதல் குழந்தை பிறந்தது. லீவு முடிந்து வந்தார். எனக்கு நிஜமாகவே சந்தோஷம். வாழ்த்துச் சொல்லி ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம் என்று போய், "மினும் போலாமா?" என்றேன்.

கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்தார். பக்கத்தில் நின்றவர்கள் பெட்டிகளைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

"மினும் வேணாண்ணே," என்றார். "ஆபிசுலயே கூப்பிட்டுச் சொல்லிடுங்க."