மழையில்லாத குடைகள்

சீனாவுக்கு முதல்முறை போகிறவர்களுக்காக ஜெர்மனியின் ஹனோவர் நகரில் ஒரு கூட்டம் நடந்தது. கலியாணப் பேச்சை எடுத்தாலே சாப்பாட்டை விட்டு எழும்புகிற எங்கள் மகள்தான் எங்கள் இருவரையும் அங்கே கூட்டிக்கொண்டு போனாள்.

பெருஞ்சுவரைக் காட்டி முடித்த சீன வழிகாட்டிப் பெண், ஷங்காயில் ஒரு பூங்காவின் படத்தைப் போட்டாள். மழையே இல்லை, ஆனால் தரை முழுக்க விரித்த குடைகள். ஒவ்வொன்றிலும் ஒரு தாள்: வயது, உயரம், படிப்பு, சம்பளம். பிள்ளைகளுக்குச் சம்பந்தம் தேடித் தாய் தகப்பன் குடையோடு உட்கார்ந்திருக்கிறார்களாம். பல பிள்ளைகளுக்கு அது தெரியவே தெரியாதாம்.

முன்னால் இருந்த ஜெர்மன்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் திக்கென்றது. அந்தத் தாய்மாரின் முகங்களை எங்கள் கோயில் திருவிழாவில் வருஷா வருஷம் பார்க்கிறேனே!

அதற்குள் என் மனுசன் எழும்பி நின்று ஜெர்மன் மொழியில் கேட்டுவிட்டார்.

“வெளிநாட்டு ஆக்களும் குடை வைக்கலாமோ?”

பகிடி என்று நினைத்து மண்டபமே சிரித்தது. இந்த மனுசனுக்கு எங்கே எதைக் கேட்பது என்ற விவஸ்தையே கிடையாது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

மகள் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“நீங்களும் அதைக் கேக்கத்தானே கையைத் தூக்கினனீங்கள், அம்மா?”

குனிந்து பார்த்தேன். என் கை இன்னும் பாதியில்தான் நின்றது.