மாடியைக் கீழே கட்டிய கதை

1. பாக்கு மரத்தில் கட்டிய கயிறு

கயிற்றின் ஒரு முனையை ரோட்டோரக் குச்சியில் கட்டிவிட்டு, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கொத்தனார் சுக்ரா மிஸ்திரி புதருக்குள் இறங்கினார். கொஞ்ச நேரம் இலைகள் முறிகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. கடைசியில் எங்கோ கீழேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"மேடம், யே தாகா கஹா பாந்தூ? ஹவா மே?"

கயிற்றை எங்கே கட்டுவது, காற்றிலா என்று கேட்கிறார். மனிதர் காலையிலேயே விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டு புதரை விலக்கி எட்டிப் பார்த்தேன். மிஸ்திரி எனக்கு இரண்டு ஆள் உயரத்துக்கும் கீழே நின்றுகொண்டிருந்தார். பிளாட்டின் பின் மூலை அங்கேதான் இருந்தது. ரோட்டு மட்டத்துக்குக் கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டுமென்றால், பக்கத்தில் நின்ற பாக்கு மரத்தில் ஏறித்தான் கட்ட வேண்டும். ஏறினார், கட்டினார். டியூப் லெவலில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்து, கீழே டேப்பைத் தொங்கவிட்டோம். பதினான்கு அடி.

என் கையில் இருந்த பிளானில் அந்த நிலம் கேரம் போர்டு மாதிரி சமதளமாக இருந்தது.

2. யார் செய்த தப்பு

அந்தமானில், போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்தவள் நான். பாலிடெக்னிக்கில் சிவில் முடித்து, ஒரு கான்ட்ராக்டர் ஆபீஸில் பத்து வருஷத்துக்கு மேல் டிராயிங் போட்டுக்கொண்டிருந்தேன். முதலாளி திருநெல்வேலிக்காரர். ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். நான் நச்சரித்து நச்சரித்து, "சரி, இந்த ஒரு வீட்ட நீயே நின்னு கட்டு. சொதப்புனா மறுபடி டேபிள்தான்" என்று அவர் முதன்முதலாக என் பொறுப்பில் விட்ட சைட் இது.

இடம் டாலிகஞ்சுக்குள்ளே புதிதாகப் பிளாட் போட்ட பகுதி. வீட்டுக்காரர் குமாரவேல், துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவரும் மனைவி பார்வதி அக்காவும் ஆவணி முடிவதற்குள் அரசாங்கக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். அதற்குள் வீடு முடியாவிட்டால், முப்பது வருஷத்துச் சாமான்களோடு வாடகை வீடு தேடிக் கொட்டும் மழையில் அலைய வேண்டியதுதான். பிளான் மெயின்லேண்டிலிருந்து வந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் அவர்கள் மகனுடைய நண்பன் போட்டது. கீழே ஹால், சமையலறை, ஒரு பெட்ரூம். மேலே இரண்டு பெட்ரூம், கடலைப் பார்த்து ஒரு பால்கனி. நன்றாகத்தான் போட்டிருந்தான், பாவம். அவனுக்கு வாட்ஸ்அப்பில் போன விவரம் நாற்பதுக்கு அறுபது என்ற அளவு மட்டும்தான்.

குமாரவேல் சாரிடம் கேட்டேன், "சரிவா இருக்குன்னு ஏன் சார் சொல்லல?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அரே, சரிவு இல்லாத நிலம் இங்க எங்க மேடம் இருக்கு? அதையுமா எழுதி அனுப்புவாங்க?"

அவர் சொன்னது நியாயம்தான். இங்கே யாரும் சரிவைச் சரிவு என்று சொல்வதில்லை. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் ஸ்டாப் எல்லாவற்றுக்கும் ஏறி இறங்கியே வளர்ந்தவர்களுக்கு அது கண்ணில் படாது. மெயின்லேண்ட்காரனாக இருந்தால் வந்து நின்ற முதல் நிமிடத்திலேயே, "என்னங்க இது பள்ளம்!" என்று அலறியிருப்பான். அவரை விடுங்கள், சம்பளம் வாங்குகிற நான் பார்த்திருக்க வேண்டாமா? கார்த்திகையில் பூமி பூஜை போட்டபோது தூறிக்கொண்டிருந்தது. ரோட்டோரம் ஆறடி சமதளத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் நின்றோம், பொங்கல் சாப்பிட்டோம், கிளம்பினோம். பின்னால் புதர். சேலை நனையும் என்று நான் உள்ளே போகவில்லை. அந்தப் பிளானை வைத்தே கம்பி லிஸ்ட் போட்டேன். கப்பலில் கம்பி வந்தது. தூண்களுக்கு அளவு பார்த்து வெட்டியும் ஆகிவிட்டது.

3. அண்ணாச்சியின் கணக்கு

அண்ணாச்சி வந்தார். பாக்கு மரத்தையும் கயிற்றையும் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"யம்மா விஜயா, வீட்டுக்கு நாலு சக்கரத்த மாட்டி ரோட்லயே நிறுத்திருவமா?"

மிஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. "மண்ணு போட்டு நிரப்பிடலாம் அண்ணாச்சி" என்றேன்.

"பதினாலு அடி மண்ணா? வைகாசி மழையில அது கீழ் வீட்டுக்காரன் அடுப்படிக்கு வந்து நிக்கும். நிலநடுக்கம் வார ஊரு தாயி இது. போட்ட மண்ணு மேல வீடு நிக்குமா? வேற சொல்லு."

மழை பிடிப்பதற்குள் கூரை போட்டால்தான் ஆவணிக்குள் பூச்சு வேலை முடியும். புதிதாகக் கம்பி வரவழைக்கலாம் என்றால் அடுத்த கப்பலுக்கு மூன்று வாரம். அது சொன்ன நாளில் வந்துவிட்டால் அதிசயம். இருக்கிற கம்பியை வைத்துத்தான் வீடு என்று ஆகிவிட்டது.

அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல், வெட்டிவைத்த கம்பிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இந்தக் கட்டு தரைத்தளத் தூணுக்கு, அந்தக் கட்டு மாடித் தூணுக்கு. இரண்டு தளத்துக்கும் கம்பி இருக்கிறது. மேலே போக வேண்டிய தளத்தை ஏன் கீழே கொண்டுபோகக் கூடாது? ரோட்டு மட்டத்தில் ஹாலும் சமையலறையும் அப்படியே இருக்கட்டும். நிலம் சரிந்து இறங்குகிற பின்பாதியில், ஹாலுக்குக் கீழே, மாடி அறைகளை வைத்துவிட்டால்? மண் நிரப்ப வேண்டாம், மண்ணைத் தாங்க ஒரு சுவர் போதும்.

பென்சிலை எடுத்து சிமெண்ட் மூட்டையின் மேலேயே வரைந்தேன். அண்ணாச்சி குனிந்து பார்த்து, "எஞ்சினியர்ட்ட காட்டுவோம்" என்று மட்டும் சொன்னார். ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் இரண்டு நாள் பார்த்தார். பின்பக்கத் தூண்களைக் குறுக்கே பீம் போட்டு இணைக்க வேண்டும், தாங்கு சுவரில் தண்ணீர் வடிய ஓட்டை விட வேண்டும் என்று சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். திருத்திய பிளானை அனுமதிக்குக் கொடுத்தோம். மிச்சம் இருந்தது பார்வதி அக்கா.

4. "அதுக்குப் பேரு பாதாளம்"

பார்வதி அக்கா பிளானைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

"மாடி எங்கம்மா?"

"கீழ இருக்குக்கா."

"மாடின்னா ஏறணும். இறங்கிப் போனா அதுக்குப் பேரு பாதாளம்."

குமாரவேல் சார், "சலேகா பார்வதி, பரவால்ல, காத்து வரும்ல" என்று சமாதானப்படுத்தப் பார்த்தார். அக்கா ஒரே பார்வையில் கணவரை உட்கார வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"முப்பது வருஷமா ஒத்தைத் தட்டு குவார்ட்டர்ஸ்ல இருந்தேன். எங்க தலைக்கு மேல தகரம், அதுக்கு மேல ஆகாசம். சொந்த வீடுன்னா எனக்கு ஒரே ஒரு ஆசை, உள்ளயே படி ஏறி மேல போகணும். அதை நீ கீழ கொண்டுபோய்ப் புதைக்கிற."

தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். நிலத்தைப் போய்ப் பார்க்காமல் கம்பி லிஸ்ட் போட்டதையும் மறைக்கவில்லை. அவர் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சைட்டுக்கு ஒரு தடவை வாங்கக்கா. அப்பவும் பிடிக்கலன்னா வேற வழி பாக்கிறேன்" என்றேன். வேறு வழி எதுவும் கிடையாது என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் கையைப் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல இறக்கிக் கூட்டிப்போனேன். புதரை வெட்டியாயிற்று. பின் மூலையில் நின்று, பாக்கு மரத்தில் கட்டியிருந்த கயிற்றைக் காட்டினேன்.

"உங்க ஹால் தரை அந்த மட்டத்துல வரும். ஹாலை ஒட்டுன பால்கனி அதோ, அந்த மட்டை தொங்குதே, அங்க."

அக்கா கழுத்தை வளைத்து வெகுநேரம் மேலே பார்த்தார். கடல் பக்கம் பார்த்தார். மறுபடியும் கயிற்றைப் பார்த்தார்.

"இங்கருந்து பார்த்தா அது மாடிதான்" என்றார் கடைசியில். "ஆனா ஒண்ணு. இங்கயும் ஒரு வாசல் வேணும். கொல்லைக் கதவு மாதிரி தகரத்த வச்சுராதே. படாக் மரத்துல, நிலை வச்சு, முன்வாசல் கதவு மாதிரியே வேணும்."

கீழ்த்தளத்தில் வாசல் எந்தப் பிளானிலும் இல்லை. "பக்கா" என்று சொல்லிவிட்டேன்.

5. கிரகப்பிரவேசம்

வைகாசி மழைக்கு நான்கு நாள் முன்னால் ஹாலுக்கு மேலே கூரை ஏறியது. பாக்கு மரத்தில் கயிறு கட்டியதிலிருந்து அந்த நான்கு மாதத்தில் நான் இளைத்ததைப் பார்த்து வீட்டில் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். பூச்சு வேலை, ஒயரிங், குழாய் எல்லாம் மழைக்குள்ளேயே நடந்தன. ஆவணியில் கிரகப்பிரவேசம்.

ரோட்டுப் பக்கத்து வாசலில் மாவிலைத் தோரணம் தொங்கியது. ஐயர் தயாராக நின்றார். விருந்தாளிகள் குடையோடு நின்றார்கள். பார்வதி அக்காவை மட்டும் காணவில்லை. குமாரவேல் சார் பதறிப்போய்த் தேட, கீழேயிருந்து குரல் வந்தது.

"இங்க இருக்கேன். எல்லாரும் இறங்கி வாங்க."

அக்கா படாக் கதவுக்கு முன்னால், கையில் பால் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார். நல்ல பட்டுச் சேலையின் கரையெல்லாம் சேறு.

"என்னடி இது, வாசல் மேல இருக்கு!" என்றார் சார்.

"எனக்கு இதுதான் வாசல். நான் ஏறித்தான் போவேன்."

ஐயர் கொஞ்சம் யோசித்தார். "கிழக்கு பார்த்துதானே இருக்கு, பேஷா வாங்கோ" என்று அவரும் இறங்கினார். எழுபது எண்பது பேர் வழுக்கி வழுக்கிப் பின்னாலேயே வந்தார்கள். அக்கா வலது காலை எடுத்துவைத்து உள்ளே போனார். படி அறைகளுக்கு நடுவில் இருந்தது. முதல் படியில் காலை வைத்ததும் நின்று, கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். பிறகு ஒரு கையில் குடமும் ஒரு கையில் கைப்பிடியுமாக ஏறினார். அவசரமே படவில்லை. பின்னால் இருந்த கூட்டமும் அதே வேகத்தில்தான் ஏற வேண்டியிருந்தது. மேலே போய்த் திரும்பி எங்களைப் பார்த்து, "மாடிக்கு வாங்க, எல்லாரும் மாடிக்கு வாங்க" என்று கூப்பிட்டார். எனக்குப் பின்னால் நின்ற சுக்ரா மிஸ்திரி தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன்.

இப்போது எங்கள் ஆபீஸுக்கு வரும் புதுப் பிள்ளைகள் டிரோன் படம், முப்பரிமாண மாடல் எல்லாம் போடுகிறார்கள். அருமையாக இருக்கிறது. நான் அவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: பிளாட்டின் பின் மூலையில் போய் நின்று பார்த்தாயா? பிறந்த ஊர், தெரிந்த மண் என்று நினைப்பவர்கள்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும். தெரியாத இடத்தில் நாமே கவனமாக இருப்போம்.

கிரகப்பிரவேசத்தன்று சாப்பாடு முடிந்ததும் அண்ணாச்சி ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அவர் முகத்தைப் பார்த்து, மறுபடி டேபிள்தான் போலிருக்கிறது என்று பயந்துகொண்டே திறந்தேன். உள்ளே, சேற்றில் இறங்கும்போது மாட்டுகிற ரப்பர் கம்பூட் ஒரு ஜோடி.

"லம்பா லைன் ஏரியால அடுத்த சைட்டு. அதுவும் உன்னுதுதான்" என்றார். "இத மாட்டிக்கிட்டு மொதல்ல கீழ இறங்கிப் பாரு தாயி."